மொட்டைமாடியில் சிவப்பு

அந்த வருஷம் ஐப்பசி முழுக்க எனக்கு ஒரே வேலைதான். பயப்படுவது. சம்பளத்துக்கு லேத் ஓட்டினேன், சோறு ஆக்கினேன், நல்ல தண்ணீர் பிடித்தேன். அதெல்லாம் கை தன் பாட்டுக்குச் செய்த வேலைகள். மனசு முழுநேரமும் பயந்துகொண்டிருந்தது.

என் மனைவிக்கு அப்போது ஆறு முடிந்து ஏழாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு போய்விட்டன. முதலாவது வயிறு வெளியே தெரிவதற்கு முன்பே கலைந்தது. இரண்டாவது இதே ஏழாம் மாதத்தில் பிறந்து, ஒரு பகல் மட்டும் மூச்சு விட்டது. பெண் குழந்தை. கொட்டுகிற மழையில் ஓடைப் பள்ளத்தோரம் குழி தோண்டி நான்தான் புதைத்தேன். மண் தள்ளுவதற்கு முன் துணியை விலக்கி முகத்தைப் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் மழைச் சத்தம் கேட்டாலே அந்த முகம் வந்து நிற்கும். இந்த மூன்றாவது தங்குமா தங்காதா என்பதுதான் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. நாங்கள் இரண்டு பேரும் அதை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். தலை தாழ, கால் மேலே, அப்படியே படுத்திருக்க வேண்டும். பின்பக்கப் பொடக்காலிக்கு ஒதுங்கப் போக மட்டும் எழலாம். பஸ் பிரயாணம் கூடவே கூடாது என்றதால் பெருந்துறைப் பக்கம் இருந்த அவள் அம்மா வீட்டுக்கும் அனுப்ப முடியவில்லை. அந்த அம்மாவோ தோட்டத்துக் கூலிக்குப் போகிறவர். விட்டுவிட்டு வந்து எத்தனை நாள் உட்கார முடியும்? எட்டிப் பார்த்துவிட்டு, அழுதுவிட்டு, போய்விடுவார்.

நாங்கள் குடியிருந்தது துடியலூரில் ஒரு லைன் வீட்டில். முன்னால் வீட்டுக்காரர்களின் மாடி வீடு, பின்னால் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நாங்கள். ஓட்டுக் கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது, பாதியில் நின்றுவிடும். பக்கத்து வீட்டில் தும்மினால் நாங்கள் நூறு சொல்லலாம். அந்தப் பக்கம் இருந்தது ஒரு சாயபு குடும்பம். அவர் பஸ் ஸ்டாப் அருகே உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்கிறவர். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் வேலைக்குப் போனபின் என் மனைவிக்குத் துணை அந்தச் சுவரும் அந்த அக்காவும்தான்.

வேலை செய்த கம்பெனி பக்கத்துத் தெருவில். கம்பெனி என்றால் பெரிதாக ஏதும் நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் நாலு லேத்தும் ஒரு டிரில்லிங் மிஷினும் போட்ட ஷெட்டுக்குப் பெயர் கம்பெனி. மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைவது என் வேலை. அங்கே போன் இல்லை, வீட்டில் போன் என்கிற பேச்சே இல்லை. ஆகவே நான் ஒரு ஏற்பாடு செய்தேன். ஷெட்டின் பின்வாசலில் நின்றால் வீட்டுக்காரர்களின் மொட்டைமாடி கைப்பிடிச் சுவர் தெரியும். வலியோ வேறெதுவோ வந்தால் அக்கா வெளிப்படிக்கட்டில் ஏறி ஓடிப்போய் அந்தச் சுவரில் ஒரு சிவப்புத் துண்டைப் போட வேண்டும். நான் பார்த்ததும் ஆட்டோவோடு வந்துவிடுவேன். துண்டை வாங்கி அக்கா கையில் கொடுத்ததும் நான்தான்.

ஏற்பாடு செய்ததற்கப்புறம் தைரியம் வரும் என்று பார்த்தால், இருந்த கொஞ்சமும் போய்விட்டது. ஒரு ஜாப் முடிந்தால் பின்வாசலுக்கு ஓடுவேன். அடுத்த ஜாப் பாதியில் ஓடுவேன். மழை கனத்தால் மாடியே தெரியாது, வெறும் வெள்ளையாக இருக்கும். துண்டு தொங்கி, எனக்குத்தான் தெரியவில்லையோ என்று தோன்றும். முதலாளி ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஏனப்பா, நீ லேத்துல நிக்கிற நேரத்தவிட வாசல்ல நிக்கிற நேரந்தான் ஜாஸ்தி. லேத்தைத் தூக்கி வாசல்லயே போட்டறலாமா?"

போடுங்க என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மழையும் சும்மா இல்லை. விடிந்தது தெரியாது, பொழுது போனது தெரியாது. மேற்கே மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. துவைத்த துணி வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கொடியில் தொங்கி நாறியது. தீப்பெட்டி நமுத்தது, உப்பு தண்ணீர் விட்டது. சுவரில் ஈரம் ஏறி ஏறிக் கட்டில் உயரத்துக்கு வந்துவிட்டது. கெரகம், இந்த வீட்டில் பிள்ளை எப்படித் தங்கும் என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதற்கு நடுவில் என் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? சந்தோசமாக இருந்தாள்.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. காலைத் தூக்கிக் கட்டிப் போட்டது போலப் படுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து கிடைத்ததோ தெரியாது, சந்தோசப்பட ஒரு நாளைக்கு ஒன்றாவது கண்டுபிடித்துவிடுவாள். லைனில் எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று வாசத்தை வைத்தே சொல்வாள். அக்கா அந்தப் பக்கமிருந்து விசாரித்துவிட்டு வந்து சரி தப்பு சொல்ல வேண்டும். ஓட்டில் ஒழுகும் இடத்தில் நான் வைத்த போசியை இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வாள், சத்தம் நன்றாக இல்லையாம். காலையில் காப்பி டம்ளரைக் குடிக்காமல் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். "சூடு இத்தன நல்லா இருக்கும்னு வெயில் காலத்துல தெரியவே இல்லீங்க" என்பாள். அக்கா ஒரு கம்பில் தூக்குப்போசியை மாட்டிச் சுவருக்கு மேலாக இந்தப் பக்கம் இறக்குவார். உள்ளே ரசமோ, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கோ இருக்கும். அது ஆடி ஆடி இறங்குவதைப் பார்த்தே இவள் சிரிப்பாள்.

"ஏனுங்கக்கா, மழை நிக்கப்படாதுன்னு நீங்க துவா செய்யறீங்களா? அண்ணனுக்குக் குடை யாவாரம் ஓகோன்னு போகுதாட்ட இருக்குது."

"அட நீ வேற அம்மணி. மழை நிக்காம கொட்டுனா மனுசன் ஏன் வெளிய வர்றான்? குடையே வேண்டாம்னு ஊட்டுக்குள்ள உக்காந்துக்கறான். உங்க அண்ணன் ஈ ஓட்டறாரு."

"ஈயும் மழைக்கு வராதுங்களே அக்கா."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, இந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. சிரிக்கும்போது வயிறு குலுங்கும். உள்ளே இருப்பது நூல் தையல். குலுங்கினால் பிரியாதா?

"சிரிக்காத" என்பேன்.

"சிரிச்சா என்னங்க?"

"சிரிக்காதன்னா சிரிக்காத. அவ்வளவுதான்."

தையல் மட்டும் காரணம் இல்லை. இப்படிச் சந்தோசமாக இருப்பதை யாராவது பார்த்தால் கண் பட்டுவிடும் என்று இன்னொரு பயம். வெள்ளிக்கிழமைதோறும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடி வந்தால் திருஷ்டி இல்லை, நெடியே வராவிட்டால் கடுமையான திருஷ்டி என்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நெடி துளிகூட வரவில்லை. நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பெரிய கண் பட்டிருக்கிறது பார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"மொளகா நமுத்துப் போயிருக்குதுங்க. ஒரு மாசமா மழை. அது எப்படி நெடி அடிக்கும்?"

சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்த முறை ஆட்டோவில் மெதுவாக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனபோது, வெளியே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கக் கதவு திறந்திருக்கும்போதே கேட்டுவிட்டேன். "டாக்டர், சிரிச்சா தையல் பிரிஞ்சுருங்களா?" டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பொண்ணு சிரிக்கட்டும்ப்பா. நீ அழாம இருந்தாச் சரி" என்றார். வெளியே இருந்த பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பகலில் கொஞ்ச நேரம் சாய்ந்து உட்காரலாம் என்று அன்றைக்கு அவர் இவளிடம் சொன்னது, நான் அவமானத்தில் வெளியே வந்து நின்றுகொண்டதால் என் காதில் விழவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், வெயில் அடித்தது. ஷெட்டுக்குள் இருந்த எங்களுக்கே அது கூசியது. சன்னல் வழியாக லேத் மேல் வெளிச்சம் விழுந்து, கடைந்த இரும்புச் சுருள் எல்லாம் பளபளத்தது. பக்கத்து லேத்காரன் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான். நானும் வழக்கப்படி பின்வாசலுக்குப் போனேன்.

மொட்டைமாடிச் சுவரில் சிவப்பு தொங்கியது.

துண்டு அளவு இல்லை. சுவர் நீளத்துக்குச் சிவப்பு. பெரிய ஆபத்து, அதனால்தான் பெரிய துணியாகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. செருப்பு எங்கேயோ கிடந்தது. லேத்தில் இரும்பை இறுக்குகிற சக் சாவி கையிலேயே இருந்தது. முக்கில் நின்ற ஆட்டோவை அந்தச் சாவியை ஆட்டித்தான் நிறுத்தினேன், நான் அடிக்க வருகிறேன் என்று டிரைவர் பயந்திருப்பார். சந்துக்குள் ஆட்டோ நுழையாது. இறங்கி ஓடியதில் சேற்றில் வழுக்கி முழங்கால் தேய விழுந்தேன். எழுந்து ஓடினேன். ஓடும்போதே வாய் திறந்து அழுதுகொண்டிருந்தேன். மறுபடியும் பள்ளத்தோரம், மறுபடியும் மண்வெட்டி என்றுதான் மனசில் ஓடியது.

லைன் வாசலில் திருவிழா மாதிரி இருந்தது. லைனில் இருந்த அத்தனை பெண்களும் வெளியே. கொடி, சுவர், சைக்கிள், துவைக்கிற கல், எங்கு பார்த்தாலும் துணி. நடுவில் ஒயர் சேரில் சாய்ந்து, எதிரே ஸ்டூலில் காலை நீட்டி, வெயிலில் முடியை விரித்துவிட்டு, என் மனைவி உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி தின்ற கொய்யாப்பழம்.

அவள் என்னைப் பார்த்தாள். உடம்பெல்லாம் கிரீஸும் சேறும், முழங்காலில் ரத்தம், கையில் இரும்புச் சாவி.

"என்னாச்சுங்க?" என்றாள்.

என்னாச்சு என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கத்தல் வந்ததோ. "உனக்கு வெளிய என்ன வேலை? ஆரக் கேட்டு எந்திரிச்சே? மாடில சிவப்பு ஆரு போட்டது?" என்று லைனே அதிரக் கத்தினேன்.

மாடியில் இருந்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். ஒரு மாதமாகச் சத்தியமங்கலத்தில் மகள் வீட்டில் இருந்துவிட்டு முதல்நாள் சாயங்காலம்தான் வந்திருந்தார். பூட்டிக் கிடந்த வீட்டில் பவானி ஜமுக்காளம் ஈரம் கோர்த்துப் பூஞ்சை பிடித்திருக்கிறது. வெயிலைக் கண்டதும் கொண்டுபோய்ச் சுவரில் விரித்துவிட்டார். நல்ல ரத்தச் சிவப்பு ஜமுக்காளம். என் ஏற்பாடு லைனில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

"எனக்குத் தெரியாதப்பா" என்று அவர் பதறிப்போய் அதைச் சுருட்டினார்.

அக்கா என் கையில் இருந்து சாவியை வாங்கித் திண்டில் வைத்தார். "உக்காருங்க தம்பி. சித்த நேரம் உக்காருங்க" என்று தண்ணீர் கொடுத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "நீங்க துண்டு குடுத்த நாள்ல இருந்து இந்த லைன்ல ஒருத்தரும் மாடில சிவப்பு காயப் போடறதில்லீங்க தம்பி. என்ற சேலை ரெண்டு, சிவப்பு. மழை விட்ட நேரத்துலகூட ஊட்டுக்குள்ளயேதான் உணத்தறேன். நீங்க பார்த்துப் பயந்துக்குவீங்கன்னு."

எனக்குத் தெரியவே தெரியாது. அத்தனை பேரும் என் பயத்துக்கு இடம் விட்டு நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

ஆட்டோக்காரரைச் சாப்பிட வந்திருந்த சாயபு அண்ணன் சமாதானம் சொல்லி அனுப்பினார். நான் அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தேன். அவள் என் முழங்காலைத் துடைத்துவிட வேண்டும் என்றாள். எட்டாது. ஈரத்துணியை என் கையில் கொடுத்து, எங்கே துடைக்க வேண்டும் என்று படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் திடீரென்று கேட்டாள்.

"எனக்குப் பயமில்லைன்னு நெனச்சுட்டீங்களா?"

நான் முழங்காலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"போன தடவ முழுக்கப் பயந்துட்டேதானுங்க இருந்தேன். அந்தப் புள்ள என்ற வவுத்துல இருந்த அத்தன நாளும் என்ற பயத்தத் தவிர அது ஒண்ணையும் பாக்கல. ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டிருக்காது. அப்படியே வந்து அப்படியே போயிருச்சு." கூரை ஓட்டைப் பார்த்தபடியே மேலே சொன்னாள். "இது தங்குதோ தங்கலையோ, எனக்குத் தெரியாதுங்க. இருக்கற வரைக்காவது நல்லா இருக்கட்டும். அதுக்குத்தான் தேடித் தேடிச் சிரிக்கறேன். சும்மா வருதுன்னா நெனச்சீங்க?"

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தேன். அவள் அந்தச் சிரிப்பையெல்லாம் கஷ்டப்பட்டுச் சம்பாதித்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் பொய். சாயங்காலம் சுடச்சுட அவித்த கடலைக்காய் வாங்கி, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவேன். குழம்பு வாசத்தை நானும் ஒருநாள் முகர்ந்து பார்த்துப் பருப்பு என்று சொன்னேன். கருவாடு. கிண்டல் செய்தே கொன்றுவிட்டார்கள். ஆனாலும் ஷெட்டில் பின்வாசலுக்கு ஓடுவது மட்டும் நிற்கவில்லை.

அத்தனை வாரம் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலி வந்தபோது வீட்டில்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, டாக்டரம்மா சொன்ன தேதிக்கு நாள் இன்னும் நிறையக் கிடந்தது. சாயபு அண்ணன் பெரிய குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு சந்து முனை வரைக்கும் கூடவே வந்தார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோவில் தண்ணீர் அடித்தது. அவள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

மத்தியானம் பிறந்தது. பெண். உயிரோடு இருக்கிறது என்றார்கள், எடை ரொம்பக் கம்மி என்றார்கள், மேற்கொண்டு எதுவும் சொல்ல மாட்டோம் என்று முகத்திலேயே சொன்னார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, "அப்பா வந்து பாருங்க" என்றார்.

போனேன். அந்த அறை வாசலில் நின்றேன். தரையைப் பார்த்தேன், என் கால் விரல்களைப் பார்த்தேன். தலையைத் தூக்க முடியவில்லை. ஒரு முகத்தைப் பார்த்துவிட்டுப் பட்டதே போதும். இன்னொரு முகத்தையும் சுமக்க என்னால் ஆகாது என்று தோன்றியது. பார்க்காமலேயே திரும்பி வந்துவிட்டேன்.

"பாத்தீங்களா?" என்றாள் அவள். குரல் கம்மியிருந்தது. அவளிடம் இன்னும் குழந்தையைக் காட்டவில்லை.

"பாத்தேன். நல்லா இருக்குது."

"முடி இருக்குதுங்களா?"

"இருக்குது."

"ஆராட்ட இருக்குது?"

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அப்புறம் படுக்கையில் இருந்து எழ ஆரம்பித்தாள். வேண்டாம் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. சுவரை ஒரு கையாலும் என் தோளை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, அத்தனை நீள வராந்தாவும் நடந்தாள். நர்ஸ் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றோம். என் கண் இறுக மூடியிருந்தது.

"பயமா இருந்தா என்ற கையப் புடிச்சுக்கங்க" என்றாள். "ஆனாப் பாருங்க. நாளைக்கு என்னன்னு நமக்குத் தெரியாது. இப்ப இருக்குது. இப்பப் பாருங்க."

கண்ணைத் திறந்தேன். மூக்கில் குழாய், தலையில் பஞ்சுக் குல்லா, என் விரல் தடிமன்கூட இல்லாத கை. நெஞ்சு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. நான் அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தபோது அது முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து, நீளமாக ஒரு கொட்டாவி விட்டது. இத்தனூண்டு உடம்புக்கு அவ்வளவு பெரிய கொட்டாவி.

"நம்மளப் பாத்தாச் சலிப்பா இருக்குதாட்ட" என்றாள் அவள்.

பெட்டிமேல் நெற்றியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மகள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. தெரியாமலேதான் அந்தக் கொட்டாவியைப் பார்த்து அப்படிச் சந்தோசப்பட்டோம்.